ஏழு நாக்குப் பூட்டு

சைக்கிளைப் பூட்டிவிட்டு இருபது அடி நடந்தபின் காலிதீன் முதலியார் நிற்பார். திரும்பி வருவார். பூட்டைப் பிடித்து ஒருமுறை இழுத்துப் பார்ப்பார். மறுபடியும் நடப்பார், இந்த முறை நாற்பது அடி. அங்கிருந்து கழுத்தை மட்டும் திருப்பிச் சைக்கிள் நிற்கிறதா என்று பார்ப்பார். அது நிற்கும். அதற்குப் பிறகுதான் நீதிமன்றத்தின் முதற்படியில் அவருடைய கால் ஏறும்.

சாதியால் வந்த முதலியார் அல்ல இவர். நீதிமன்றத்தில் மொழிபெயர்க்கிறவருக்கு எங்கள் கிழக்கிலங்கைக் கரையில் முதலியார் என்று பெயர். அந்த நாற்காலியில் சாய்ந்தமருது முஸ்லிம் உட்கார்ந்தாலும் அவர் முதலியார்தான். நீதவான் தெற்கிலிருந்து வந்தவர், வழக்கை ஆங்கிலத்தில் நடத்துகிறவர். கூண்டில் நிற்கிறவனுக்குத் தமிழ் மட்டுமே தெரியும். இந்த இருவருக்கும் நடுவில், கறுப்புக் கோட்டுக்குள், பதினெட்டு வருடமாகக் காலிதீன்.

கூண்டில் இருப்பவன் 'நான்' என்றால் இவரும் ஆங்கிலத்தில் 'நான்' என்பார். 'நான் கோழியைத் தொடவில்லை, கோழிதான் என் சாக்குக்குள் வந்து இருந்தது' என்று சொல்லியிருக்கிறார். 'நான் அவரை வெட்டவில்லை, நான் பிடித்திருந்த கத்தியில் அவர் வந்து விழுந்தார்' என்றும் சொல்லியிருக்கிறார். முகத்தில் ஒரு சுருக்கமும் தெரியாது. "கூட்டவும் மாட்டன், குறைக்கவும் மாட்டன்," என்பது அவருடைய பெருமை. "அவன் தும்மினா நானும் தும்முவன். அதுதான் இந்த வேலை."

அந்தப் பழக்கம் வீடுவரைக்கும் வந்திருந்தது. கறிக்கு உப்புப் போதுமா என்று மனைவி ஸகியா கேட்டால், "மூத்தவன் காணாதெண்டு சொல்றான்," என்பார். உங்களுக்கு எப்படி என்று கேட்டால் மறுபடியும் மூத்தவனைப் பார்ப்பார். தன்னுடையது என்று ஓர் அபிப்பிராயத்தை அவர் வாய்திறந்து சொன்ன ஒரே விசயம் பூட்டு. அந்த அபிப்பிராயமும் சும்மா வந்ததல்ல. ஒரு சைக்கிளைப் பறிகொடுத்துத்தான் வந்தது.

எண்பதாம் ஆண்டில் ஒரு செவ்வாய்க்கிழமை. உள்ளே துவிச்சக்கரவண்டித் திருட்டு வழக்கொன்று நடந்துகொண்டிருந்தது. 'நான் வெளியே வந்து பார்த்தபோது வண்டி அங்கே இல்லை' என்று முறைப்பாட்டுக்காரர் சொன்னதை முதலியார் நிறுத்தி நிதானமாக ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டிருந்தார். அதே வேளையில் வெளியே வேப்பமரத்தடியிலிருந்து அவருடைய பச்சை நிறச் சைக்கிளும் போய்க்கொண்டிருந்தது. பகல் சாப்பாட்டுக்கு வெளியே வந்தவர் அதே வாக்கியத்தைத் தமிழில் சொல்லவேண்டியதாயிற்று.

கேட்டு எழுதியவர் சார்ஜன் அழகரெத்தினம். பொலிஸ் தரப்பு வழக்குகளை நடத்துவதற்காகத் தினமும் நீதிமன்றத்துக்கு வருகிறவர். நல்ல மனிதர், ஆனால் அடுத்தவருடைய நட்டத்தைக் கொஞ்சம் சுவைத்துக் கேட்பார்.

"பூட்டியிருந்தீங்களா?"

"ஓம். பின்சில்லில வளையப் பூட்டு."

"அது சில்லை மட்டும்தானே முதலியார் பூட்டும். அவன் உருட்டிக்கொண்டு போகேல்ல. தூக்கிக்கொண்டு போயிருக்கான்." சார்ஜன் பேனையை மூடினார். "களவெடுத்தவன் நல்ல பலசாலி எண்டு தெரியுது. அது ஒரு தடயம்தான்."

அந்தத் தடயத்தை வைத்து ஒன்றும் கிடைக்கவில்லை.

அடுத்த சைக்கிள் ஸகியாவின் ஒரு சோடிக் காப்பிலிருந்து பிறந்தது. அதை அவள் மறக்கவுமில்லை, மறக்க விடவுமில்லை. "நீங்க ஓடுற சைக்கிளில்ல அது. என்ட காப்பு. அதைக் கவனத்தில வச்சிக்கிட்டு ஓடுங்க," என்றாள். ஆனால் முதலியார் அதை ஓடவில்லை. சரியான பூட்டு கிடைக்கும்வரை சைக்கிளை வெளியே எடுப்பதில்லை என்று முடிவெடுத்தார். அதனால் புதுச் சைக்கிள் வந்த நாளிலிருந்து அது அலுமாரிக்குப் பக்கத்தில் நின்றது. அவர் வெயிலில் நடந்து வேலைக்குப் போனார்.

கல்முனைக் கடைத்தெருவில் இராசதுரையின் இரும்புக் கடை இருந்தது. இறக்குமதியைத் திறந்துவிட்டு மூன்று நான்கு வருடமாகியிருந்த காலம். முன்பு ஒரேயொரு பூட்டு இருந்த கடையில் இப்போது பூட்டுகள் தோரணமாகத் தொங்கின. சீனத்துப் பூட்டு, இந்தியப் பூட்டு, சாவி போடும் துவாரமே இல்லாமல் இலக்கங்களைத் திருப்பித் திறக்கும் பூட்டு, ரப்பர் போர்த்திய கம்பிக் கயிற்றுப் பூட்டு. முதலியார் ஒவ்வொன்றையும் கையில் எடுத்துக் குறுக்கு விசாரணை நடத்தினார்.

"இதை ஆராவது உடைச்சிருக்கானா?"

"இண்டுவரைக்கும் ஒருத்தரும் வந்து முறைப்பாடு சொல்லேல்ல முதலியார்."

"சைக்கிள் களவு போனவன் உங்களிட்டச் சொல்றதுக்கு நடந்து வரணும். அவன் வருவானா?"

இராசதுரை யோசித்தார். "வரமாட்டான்தான்."

"அப்ப இது நல்ல பூட்டெண்டு உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

"பெட்டியில எழுதியிருக்கு."

"பெட்டியை ஆர் அடிச்சது?"

"பூட்டுக் கொம்பனிதான்."

முதலியார் பூட்டைத் திரும்பக் கொக்கியில் மாட்டினார். இப்படி மூன்று கிழமை. போகும்போது நடந்து போனார், வரும்போது வெறுங்கையோடு நடந்து வந்தார். சார்ஜனிடம் கேட்டார். பொலிஸ்காரன் நிற்கிற இடத்துக்குப் பக்கத்தில் சைக்கிளை விட்டால் பூட்டே தேவையில்லை என்று சார்ஜன் சொன்னார். "போன சைக்கிள் உங்களிலிருந்து பத்தடியிலதான் நிண்டது," என்றார் முதலியார். சார்ஜனுக்கு அவசரமாக ஒரு கோப்பைப் பார்க்கவேண்டியிருந்தது.

"சைக்கிளுக்குப் பூட்டா, பூட்டுக்குச் சைக்கிளா?" என்று ஸகியா கேட்டாள். "நீங்க நடந்து அந்தரப்படுறீங்களெண்டு என்ட காப்பைக் கழட்டித் தந்தன். அது இப்ப அலுமாரியோட கூடி நிக்கிது."

பதினெட்டு வருடம் சாட்சிகளைக் கேட்ட மூளை ஒருநாள் நடந்துகொண்டிருக்கும்போதே அந்த முடிவுக்கு வந்தது. பூட்டு விற்கிறவன் சொல்வது கேள்விப்பட்ட சாட்சி. பூட்டைச் செய்தவன் சொல்வது தன் பக்கம் சார்ந்த சாட்சி. பூட்டைத் திறக்கிறவன் ஒருவன்தான் கண்கண்ட சாட்சி. அப்படி ஒரு சாட்சியை அவருக்கு நன்றாகத் தெரியும்.

அவன் பெயர் றஊப். கம்பி றஊப் என்றால்தான் ஊருக்குத் தெரியும். சைக்கிள் சில்லின் கம்பியொன்றை நுனியில் வளைத்து, அதனால் எந்தப் பூட்டையும் திறப்பான் என்று ஊர் சொன்னது; கையும் கம்பியுமாக யாரும் பிடித்ததில்லை. களவுச் சைக்கிளை வைத்திருந்ததற்காக மூன்று முறை மறியற் சிறைக்குப் போய்வந்தவன். மூன்று முறையும் அவனுக்காக 'நான் குற்றவாளி அல்ல' என்று ஆங்கிலத்தில் சொன்னவர் காலிதீன் முதலியார். இப்போது திருந்திவிட்டதாகச் சொல்லி, பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் நாலு தகரத்தின் கீழ் சைக்கிள் திருத்திக்கொண்டிருந்தான்.

முதலியார் இரண்டுமுறை அந்தத் தகரக் கடையைக் கடந்து போனார். மூன்றாம் முறை உள்ளே குனிந்தார்.

"வாங்க முதலியார்," என்று றஊப் எழும்பி முக்காலியைத் துடைத்தான். "சைக்கிளா?"

"சைக்கிளில்ல. ஒரு விசயம் கேக்கணும்." அவர் வெளியே பார்த்தார். தெரிந்த முகம் ஒன்றுமில்லை. "உன்னால திறக்க ஏலாத பூட்டு எது?"

றஊப்பின் முகம் வாடிவிட்டது. "இப்பிடிக் கேக்கிறீங்களே காக்கா," என்றான், அண்ணனை அழைப்பதுபோல. "நான் எல்லாத்தையும் விட்டுட்டன்."

"விட்டதுக்கு முந்தியதைத்தான் கேக்கிறன்."

அவன் தலையைக் குனிந்து கையிலிருந்த கிறீசைத் துடைத்தான். பிறகு தொழில் தெரிந்தவனுக்கு வரும் அந்தச் சின்னச் சிரிப்பு வந்தது. "வாயால சொல்ல ஏலா முதலியார். பூட்டைக் கையில எடுத்துப் பார்க்கணும்."

பௌர்ணமிப் போயா விடுமுறை நாளில் நீதிமன்றம் இல்லை. அன்று காலை ஒன்பது மணிக்கு முதலியாரும் கள்ளனும் இராசதுரையின் கடைக்குப் போனார்கள். முதலியார் முன்னால், றஊப் ஐந்தடி பின்னால், ஒருவரை ஒருவர் தெரியாதவர்கள் போல. கடைக்குள் போனதும் ஐந்தடி குறைந்தது.

முதற் பூட்டு சீனத்தது. இராசதுரை அதன் விலையைச் சொல்லி முடிக்குமுன் திறந்தது. இரண்டாவதை றஊப் கம்பியைவிட்டு ஒருமுறை உதறினான். அது வாயைப் பிளந்தது. ரப்பர் போர்த்த கம்பிக் கயிற்றுக்குக் குடைக் கம்பி போதுமாக இருந்தது. இலக்கப் பூட்டுக்குக் கம்பியே தேவைப்படவில்லை. அதைக் காதோடு வைத்து, கண்ணை மூடி, மெல்ல மெல்லத் திருப்பினான். "இது பூட்டில்ல முதலியார், ரேடியோ," என்றான். "காதில வச்சா அதுவே சொல்லிடும்."

இராசதுரை ஐந்தாவது பூட்டோடு கடைக் கதவில் ஒரு பாதியைச் சாத்தினார். ஏழாவதோடு மறு பாதியையும் சாத்தினார். "எல்லாத்தையும் பார்க்கவேணுமோ முதலியார்?" என்று கேட்டபோது அவருடைய குரல் மரண வீட்டுக் குரலாக இருந்தது. மேசையில் திறந்து கிடந்த பூட்டுகளை அவர் ஒவ்வொன்றாக எடுத்துப் பூட்டிப் பெட்டியில் வைத்தார். பெட்டியில் எழுதியிருந்ததை மட்டும் வாசிக்கவில்லை.

கடைசியில் பின்னறையிலிருந்து எண்ணெய்க் கடுதாசியில் சுற்றிய ஒன்றைக் கொண்டுவந்தார். பித்தளை ஆமைப் பூட்டு, அரைத் தேங்காய் அளவு. "நெல் களஞ்சியத்துக்கெண்டு வீரமுனைப் பக்கத்துப் பெரிய வயற்காரப் போடியார் ஒருத்தர் சொல்லி எடுப்பிச்சது. வந்துசேர முந்தி அவர் காலமாகிட்டார். உள்ளுக்க ஏழு நாக்கு. ஏழும் சேர்ந்து எழும்பினாத்தான் திறக்கும்."

றஊப் சீமெந்துப் பையொன்றின்மேல் உட்கார்ந்தான். முதலியார் மணிக்கூட்டைப் பார்த்தார். இராசதுரை தேத்தண்ணி எடுப்பித்தார். றஊப் ஒரு கம்பியை மாற்றி இன்னொன்றை எடுத்தான், இரண்டையும் சேர்த்துப் போட்டான், நெற்றியைத் தோளில் துடைத்தான், தேத்தண்ணியைக் குடித்தான். இருபத்திரண்டாம் நிமிடம் பூட்டு 'டக்' என்றது. அதை அவன் இரண்டு கையாலும் ஏந்தி மேசையில் வைத்தான்.

"இதை எடுங்க."

"திறந்திட்டியே," என்றார் முதலியார்.

"இருவத்திரெண்டு நிமிசம். இருந்துகொண்டு திறந்தன், டீ குடிச்சன், ஆரும் என்னைப் புடிக்க வரல்ல. றோட்டில கள்ளனுக்கு இருவத்திரெண்டு நிமிசம் ஆரு குடுப்பா? திறக்காத பூட்டெண்டு ஒண்டு துனியாவில இல்ல முதலியார். நேரம் எடுக்கிற பூட்டுத்தான் இரிக்கி." தொழிலின் சூட்டில் அவன் தொடர்ந்தான். "பூட்டு மட்டும் காணா. சங்கிலி வேணும். மெல்லிய சங்கிலி எண்டா வெட்டுவான். மாட்டு வண்டிலுக்குப் போடுற தடிச்ச சங்கிலி எடுங்க. அது சட்டத்துக்குள்ளால போய், பின்சில்லுக்குள்ளால வந்து, மரத்தைச் சுத்தணும். மரத்தைத் தூக்கிட்டு ஆரும் போகமாட்டான்."

பதினெட்டு வருடத்தில் இவ்வளவு தெளிவான சாட்சியத்தை முதலியார் கேட்டதில்லை. பூட்டை வாங்கினார். சாவியென்று ஒரேயொரு திறப்புத்தான் இருந்தது. மற்றதை எலி இழுத்துக்கொண்டு போயிருக்கவேண்டும் என்றார் இராசதுரை. "ஒண்டு இருக்கிறது நல்லம்," என்றான் றஊப். "ரெண்டு இருந்தா ரெண்டும் களவு போகும்."

கதவைத் திறந்துவிடும்போது இராசதுரை மெல்லச் சொன்னார்: "இனி வாறதெண்டா நீங்க தனிய வாங்க முதலியார்."

சைக்கிள் அலுமாரியை விட்டுப் பிரிந்தது. வேப்பமரத்தடியில் அதைக் கட்டுவது ஒரு சடங்காயிற்று. மாட்டு வண்டிற் சங்கிலியைப் பின்கரியரிலிருந்து எடுப்பது, சட்டத்துக்குள் விடுவது, மரத்தைச் சுற்றுவது, பூட்டுவது, இழுப்பது, நடப்பது, திரும்புவது. மரத்தடியில் பூட்ட ஆறு நிமிடம், காலையில் வீட்டில் திறக்க நாலு. நீதிமன்றத்துக்குப் பத்து நிமிடம் முன்னதாகப் புறப்படவேண்டியிருந்தது; நடந்துபோன காலத்திலும் அந்த நேரத்துக்குத்தான் புறப்பட்டார். விரல் நீளத் திறப்பு கறுப்புக் கோட்டின் உள்பையில் இருந்தது. சைக்கிளின் பின்பாரம் கூடியதால் டயருக்கு அடிக்கடி காற்றுப் போயிற்று. காற்றடிக்க றஊப்பின் தகரக் கடைக்குப் போவார். வாங்கியதைப் பற்றி அவரோ விற்றதைப் பற்றி இராசதுரையோ திறந்ததைப் பற்றி றஊப்போ எங்கும் வாய்திறக்கவில்லை.

இரண்டு மாதம் கழித்து றஊப்பைப் பிடித்தார்கள்.

ஓர் ஆசிரியருடைய சைக்கிள் சந்தையில் காணாமற்போய், மூன்றாம் நாள் றஊப்பின் தகரத்தின் கீழ் நின்றது. அதன் பூட்டில் ஒரு கீறலும் இல்லை. திறப்பில்லாமல் திறக்கப்பட்டிருந்தது. சார்ஜன் அழகரெத்தினம் மகிழ்ச்சியோடு வழக்கை நடத்தினார். பூட்டைக் கம்பியால் திறக்கத் தெரிந்தவன் இந்த ஊரில் ஒருவன்தான் என்பது அவருடைய வாதம். அதற்குச் சாட்சி கேட்டார் நீதவான். பழைய மறியற் கதைகளைத் தீர்ப்புக்கு முன் சொல்லக்கூடாது என்பது சட்டம். ஊர் சொல்கிறது என்று சொல்லவும் முடியாது. சார்ஜன் கோப்பைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார்.

சாட்சி இருக்கத்தான் செய்தது. கடைத்தெருவில் ஒருவர் இருந்தார். ஆனால் தன் கடைப் பூட்டெல்லாம் கம்பிக்குத் திறந்தது என்று கூண்டில் ஏறிச் சொல்ல எந்த வியாபாரிக்கு வாய் வரும்? இன்னொருவர் கூண்டுக்குப் பக்கத்திலேயே கோட்டுப் போட்டுக்கொண்டு நின்றார்.

றஊப் உறுதியெடுத்துச் சாட்சியம் சொன்னான். டியூப்புக்கு ஒட்டுப்போடச் சொல்லி யாரோ ஒருவன் அந்தச் சைக்கிளை விட்டுப்போனான், திரும்பி வரவில்லை என்றான். பூட்டைத் திறந்தது யார் என்று நீதவான் முதலியார் மூலமாகக் கேட்டார்.

"அது தெரியா ஐயா. வரக்கொள்ளயே திறந்துதான் கிடந்திச்சு." அவன் முதலியாரைப் பார்க்காமல் முன்னால் பார்த்துக்கொண்டு சொன்னான். "எனக்குப் பூட்டுத் திறக்கத் தெரியா. காத்தடிப்பன், ஒட்டுப்போடுவன். அவ்வளவுதான் எனக்குத் தெரியும்."

முதலியார் வாயைத் திறந்தார்.

இந்தச் சைக்கிளை இவன் எடுத்தானா என்பது அவருக்குத் தெரியாது. எடுக்காமலும் இருக்கலாம். ஆனால் பூட்டுத் திறக்கத் தெரியும் என்பது தெரியும். இருபத்திரண்டு நிமிடம் மணிக்கூட்டைப் பிடித்துக்கொண்டு பார்த்திருக்கிறார். அதைச் சொன்னால் அவனுக்கு மறியல். எப்படித் தெரியும் என்று அடுத்த கேள்வி வரும். அதற்குப் பதில் சொன்னால் இந்தக் கோட்டை இன்றைக்கே கழற்றவேண்டும்.

நீதவான் பேனையை உயர்த்தினார். "முதலியார்?"

முதலியார் தொண்டையைச் செருமினார். 'எனக்குப் பூட்டுத் திறக்கத் தெரியாது,' என்றார் நல்ல ஆங்கிலத்தில். 'எனக்குக் காற்றடிக்கவும் ஒட்டுப்போடவும் மட்டுமே தெரியும்.'

கூட்டவுமில்லை, குறைக்கவுமில்லை. நீதவான் எழுதிக்கொண்டார். போதிய சாட்சியம் இல்லை என்று றஊப் விடுதலையானான். சார்ஜன் கோப்பை மேசையில் போட்ட சத்தம் வெளி விறாந்தைவரைக்கும் கேட்டது.

அன்று பின்னேரம் இரண்டு மணிக்கு வேப்பமரத்தடியில் நின்று முதலியார் கோட்டின் உள்பைக்குள் கைவிட்டார். கை பையின் அடியால் வெளியே வந்தது. விரல் நீளத் திறப்பு கிழிந்த பையின் வழியே எங்கோ விழுந்துவிட்டது.

நாற்காலிக்குக் கீழே தேடினார். விறாந்தையில், கூண்டுக்குள், மலசலகூடத்தில் தேடினார். செய்தி பரவியதும் நீதிமன்றமே வந்து மரத்தைச் சுற்றி நின்றது. ஒரு வழக்கறிஞர் கல்லால் அடிக்கச் சொன்னார். கல் உடைந்தது. யாரோ கொண்டுவந்த அரத்தால் பூட்டில் ஒரு கோடு விழுந்தது. இரும்பறுக்கும் வாளின் அலகு இரண்டாக ஒடிந்தது.

"அருமையான பூட்டு," என்றார் சார்ஜன் அழகரெத்தினம். கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார். அவருடைய கண் வாசலுக்கு வெளியே இருந்த தேத்தண்ணிக் கடையில் இருந்தது. அங்கே, அப்போதுதான் விடுதலையான றஊப், பிளேன்ரீ குடித்துக்கொண்டிருந்தான். "முதலியார், அந்தா ஒருத்தன் நிக்கிறான். அவனிட்ட ஒருக்காக் கேட்டுப் பாருங்களன்."

கூட்டம் சிரித்தது. பிறகு கேட்கட்டும் என்று காத்திருந்தது. சார்ஜன் றஊப்பைக் கைதட்டிக் கூப்பிட்டார். அவன் வந்து பூட்டைப் பார்த்தான். பழைய நண்பனைத் தெருவில் கண்டு தெரியாததுபோல நிற்கிறவனின் பார்வை அது.

"றஊப்," என்றார் முதலியார். பூட்டைத் தொட்டுக் காட்டினார். "இது... திறப்பு விழுந்து போச்சு."

"என்ன செய்ற முதலியார்," என்றான் அவன் வருத்தமாக. "எனக்குப் பூட்டுத் திறக்கத் தெரியாதே. இப்பதானே நீங்களே ஐயாக்கிட்டச் சொன்னீங்க. இங்கிலீசில."

நீதவான் காருக்குப் போவதற்காக விறாந்தைக்கு வந்திருந்தார். கூட்டத்தைக் கண்டு நின்று, அந்த ஆள் என்ன சொல்கிறான் என்று முதலியாரைக் கேட்டார். எல்லாரும் முதலியாரைப் பார்த்தார்கள். அவர் இடுப்பை நிமிர்த்திக்கொண்டு நின்றார்.

'தனக்குப் பூட்டுத் திறக்கத் தெரியாது என்று சொல்கிறார், ஐயா.'

மூன்று நாள் சைக்கிள் மரத்தடியிலேயே நின்றது. வேப்பம்பூ அதன் சீற்றில் உதிர்ந்தது. முதலியார் மறுபடியும் நடந்தார். பூட்டுக்காரனைத் தேடி அட்டாளைச்சேனைவரை பஸ்ஸில் போனார். ஏழு நாக்கு என்றதும் அவன் வரமாட்டேன் என்றுவிட்டான். "இனிப் பயப்பட ஒண்டுமில்ல," என்றாள் ஸகியா. "அந்தக் காப்பை இனி ஆராலும் களவெடுக்க ஏலா. உங்களாலயும்தான்." அதைச் சொல்லும்போது அவள் சிரிக்கவில்லை.

நாலாம் நாள் விடியற்காலைச் சுபஹுத் தொழுகை முடிந்து வந்தபோது சைக்கிள் வீட்டு வேலியில் சாய்ந்து நின்றது. சங்கிலி இல்லை, பூட்டு இல்லை. சீற் துடைத்திருந்தது. முதலியார் அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். ஸகியா வாசலுக்கு வந்தாள்.

"ஆரு கொண்டு வந்த?"

"தெரியா."

அவள் டயரை அமத்திப் பார்த்தாள். "தெரிஞ்சவங்கதான். காத்தும் அடிச்சிருக்கி."

அன்று முதலியார் சைக்கிளில் வேலைக்குப் போனார். நீதிமன்ற வாசலில் சார்ஜன் அழகரெத்தினம் முன்னமே வந்து வேப்பமரத்தடியில் நின்றார். மரத்தைச் சுற்றிச் சங்கிலி அப்படியே கிடந்தது. பூட்டு பூட்டியபடி தொங்கியது. சைக்கிளை மட்டும் யாரோ உருவி எடுத்தது போலிருந்தது. சார்ஜனின் கையில் கொப்பி விரித்திருந்தது. அவருடைய முகத்தில் ஒரு பெருநாள் தெரிந்தது. முதலியார் சைக்கிளிலிருந்து இறங்குவதைக் கண்டதும் அது கொஞ்சம் மங்கியது. ஆனாலும் அவர் விடவில்லை.

"பூட்டைத் திறந்திருக்கான். திறந்து, திரும்பப் பூட்டியும் வச்சிருக்கான். அதை ஆர் செய்வான் எண்டு உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அண்டைக்குச் சாட்சி இல்லையெண்டு விட்டாங்க. இண்டைக்கு நீங்கதான் சாட்சி. நீங்க பூட்டித் திறப்பைத் துலைச்ச பூட்டு. காலையில சைக்கிள் எங்க நிண்டது எண்டு மட்டும் சொல்லுங்க, மற்றதை நான் பார்க்கிறன்."

முதலியார் சைக்கிளை நிறுத்தினார். காகம் ஒன்று பூட்டின்மேல் இருந்து எழும்பிப் பறந்தது.

"திறப்புக் கிடைச்சிற்று சார்ஜன்," என்றார். "நேற்றுப் பின்னேரம். நான்தான் திறந்து எடுத்துக்கொண்டு போனன்."

"நீங்களா?"

"நான்தான்."

"அப்ப திறப்பைக் காட்டுங்களன்."

முதலியார் பைக்குள் கைவிட்டார். அங்கே இருந்தது அவருடைய மேசையின் இழுப்பு லாச்சித் திறப்பு. சுண்டுவிரலில் பாதிகூட இல்லை. அதை எடுத்து விரித்த கொப்பியின்மேல் வைத்தார். சார்ஜன் திறப்பைப் பார்த்தார். மரத்தில் தொங்கிய அரைத் தேங்காய்ப் பூட்டைப் பார்த்தார். மறுபடியும் திறப்பைப் பார்த்தார்.

"இந்தத் திறப்பாலயா?"

"ஓம்."

"அப்படியே எழுதவா? எழுதினா மறுகா மாத்த ஏலாது. அது உங்களுக்குத் தெரியும்."

"எழுதுங்க."

சார்ஜன் எழுதினார். மூன்று வரிதான். எழுதியதை வாசித்துக் காட்டினார். முதலியார் பேனையை வாங்கி, தன் முழுப் பெயரையும் ஓர் எழுத்தும் விடாமல் வைத்தார். பேனையைத் திருப்பிக் கொடுத்தபின், நனைந்திருந்த உள்ளங்கையைக் காற்சட்டையின் பக்கத்தில் மெல்லத் துடைத்துக்கொண்டார்.